மலைப்பனியில் மங்கும் பழைய படங்கள்: லெம்பா பெர்த்தாம் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

கேமரன் மலைத் தோட்ட வீடுகளில் முன்னறைச் சுவரைப் பார்த்தாலே அந்தக் குடும்பத்தின் வரலாறு தெரிந்துவிடும். சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாலை போட்ட தாத்தா படம், அதற்கு அடுத்து அப்பா அம்மாவின் திருமணப் படம், பிள்ளைகளின் ஆறாம் ஆண்டு வகுப்புப் படம். அருகில் போய்ப் பார்த்தால் அவற்றின் ஓரங்களில் பழுப்புப் புள்ளிகள் தெரியும். சில படங்கள் கண்ணாடியோடு ஒட்டிப் போயிருக்கும். சிலவற்றில் முகமே சிவப்பாக வெளுத்திருக்கும்.

லெம்பா பெர்த்தாம் வட்டாரத்தினருக்கு இது அழகு பற்றிய கவலை மட்டுமன்று. 2013 அக்டோபர் 23ஆம் தேதி, நள்ளிரவு கடந்த வேளையில், ரிங்லெட்டில் உள்ள சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டதைத் தொடர்ந்து சேற்று வெள்ளம் இந்தப் பள்ளத்தாக்கில் பாய்ந்தது. உயிர்கள் பறிபோயின, வீடுகளும் வாகனங்களும் அடித்துச் செல்லப்பட்டன. அப்படிப்பட்ட இரவுகளில் மக்கள் பிள்ளைகளையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். ஆல்பத்தை எடுக்க யாருக்கும் நேரம் இருக்காது. மேசை நாற்காலியைப் பிறகு வாங்கிவிடலாம். ஒரே ஒரு பிரதியாக இருந்த தாத்தாவின் படத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

போ தேயிலை நிறுவனம் 1929இலும் பாரத் தேயிலை நிறுவனம் 1933இலும் தொடங்கப்பட்டவை. இந்த மலைச் சரிவுகளில் காட்டை வெட்டிக் கொழுந்து கிள்ளிய முதல் தலைமுறைத் தமிழர்களில் பெரும்பாலோர் எழுதி வைத்தது எதுவுமில்லை. இன்று தோட்ட வேலையில் இருப்போரில் பெரும் பகுதியினர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். தமிழ்க் குடும்பங்களின் அடுத்த தலைமுறை ஈப்போ, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று இறங்கிப் போய்விட்டது. அந்தப் பழைய வாழ்க்கைக்கு எஞ்சியிருக்கும் சாட்சிகளில் முக்கியமானவை சுவரில் தொங்கும் படங்களும் அலமாரியில் கிடக்கும் ஆல்பங்களும்தான். அவற்றைக் காக்கத் தேவையான செய்தி, கருவி, உத்தி ஆகியவை இங்கே தொகுத்துத் தரப்படுகின்றன.

1940ஆம் ஆண்டுப் படம் நிற்கிறது, 1980ஆம் ஆண்டுப் படம் போய்விட்டதே, ஏன்?

பல வீடுகளில் எழும் கேள்வி இது. தாத்தாவின் கறுப்பு வெள்ளைப் படம் தெளிவாக இருக்கிறது. அதற்கு நாற்பது ஆண்டுகள் கழித்து எடுத்த கலர்ப் படமோ செம்மண் நிறமாகிவிட்டது.

காரணம் படம் உருவாகும் முறையில் இருக்கிறது. கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவத்தைத் தருவது வெள்ளித் துகள்கள். வெள்ளி ஓர் உலோகம், எளிதில் அழியாது. கலர்ப் படத்தில் இருப்பவை மூன்று சாயங்கள்: நீலப்பச்சை, செந்நீலம், மஞ்சள். 1970களிலும் 1980களின் தொடக்கத்திலும் அச்சிட்ட பல கலர்ப் படங்களில் நீலப்பச்சைச் சாயம்தான் முதலில் மங்கும். அது போனதும் மிச்சமிருக்கும் இரண்டு சாயங்களும் சேர்ந்து படத்தைச் சிவப்பாகவும் ஆரஞ்சாகவும் காட்டுகின்றன. அலமாரியில் இருட்டில் பூட்டி வைத்தாலும் இந்த மாற்றம் நடக்கும். வெப்பமும் ஈரமும் அதை விரைவுபடுத்தும். ஆக, முதலில் நகல் எடுக்க வேண்டியவை மிகப் பழைய படங்கள் என்று எண்ண வேண்டாம். அம்மா அப்பாவின் கலர்த் திருமண ஆல்பமே அவசரத்தில் இருக்கிறது.

இரண்டாவது எதிரி பூஞ்சை. புகைப்படத் தாளின் மேற்பரப்பில் இருப்பது ஜெலட்டின் என்னும் மெல்லிய படலம். அது விலங்கு எலும்பு, தோலிலிருந்து எடுக்கப்படும் புரதம். பூஞ்சைக்கு அது உணவு. ஈரம் பட்டால் ஜெலட்டின் ஊறிப் பசையாகும். அதனால்தான் சட்டத்தில் போட்ட படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்கிறது. பனி ஏறும் சுவரில், அதுவும் வெளிச்சுவரின் உட்பக்கத்தில் மாட்டிய படங்கள்தாம் முதலில் கெடும். படத்தை உள்சுவருக்கு மாற்றுவதும், சட்டத்தின் பின்னால் நான்கு மூலையிலும் சிறு கட்டை அல்லது ரப்பர் ஒட்டிச் சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே காற்று புக வழி விடுவதும் காசு செலவில்லாத முதல் சிகிச்சை.

மூன்றாவது எதிரியை நாமே பணம் கொடுத்து வாங்கியிருக்கிறோம். பிசின் தடவிய அட்டையின் மேல் பிளாஸ்டிக் தாள் மூடிய ஆல்பங்கள் ஒரு காலத்தில் திருமண வீடுகளில் பெருமையாக இருந்தன. அந்தப் பிசின் காலப்போக்கில் மஞ்சளாகிப் படத்தின் பின்புறத்தைக் கறையாக்கும். படம் இலகுவாகக் கழன்று வந்தால் எடுத்துத் தனித்தனி உறையில் போடலாம். வராவிட்டால் இழுக்கக் கூடாது. பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் மெல்லிய நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் இடையே விட்டு மெதுவாக அறுப்பதுபோல் நகர்த்தலாம். அதற்கும் மசியாவிட்டால் ஆல்பத்தில் இருந்தபடியே நகல் எடுத்துவிடுவது நல்லது.

கைப்பேசியாலேயே நகல் எடுக்கலாம்

ஸ்கேனர் இருந்தால் சிறந்தது. சிறிய படங்களை ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற அளவில் எடுத்தால் பின்னர் பெரிதாக்க முடியும். ஸ்கேனர் இல்லாத வீட்டிலும் இன்றைய கைப்பேசி போதும். கவனிக்க வேண்டியவை சில:

• படத்தைச் சட்டத்திலிருந்து வெளியே எடுக்க வேண்டும். கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் எடுக்க முயலக் கூடாது. கண்ணாடியோடு சேர்த்தே படம் எடுக்கலாம். அப்போது பளபளப்பு விழாமலிருக்க, கைப்பேசியைப் பிடிப்பவருக்குப் பின்னால் கறுப்புத் துணியைத் தொங்கவிட வேண்டும்.

• நேரடி வெயில் விழாத ஜன்னல் ஓரம் நல்ல இடம். கேமரன் மலையின் மேகமூட்டமான காலைப் பொழுது இதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கும். மேகம் வெளிச்சத்தைச் சமமாகப் பரப்பிவிடும். பிளாஷ் வேண்டாம், அறை விளக்கையும் அணைத்துவிடலாம்.

• படத்தைச் சமதளத்தில் வைத்து, கைப்பேசியை அதற்கு நேர் மேலே, சாயாமல் பிடிக்க வேண்டும். மிக நெருங்கினால் ஓரங்கள் வளையும். சற்று மேலே தூக்கி, இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுத்தால் கோடுகள் நேராக வரும்.

• பின்புறத்தையும் ஒரு படம் எடுக்க வேண்டும். ஸ்டூடியோ முத்திரை, தேதி, தாத்தா கையால் எழுதிய ஒரு வரி எல்லாம் அங்கேதான் இருக்கும்.

• படத்தில் இருப்பவர் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று பெரியவர்களிடம் கேட்டு உடனே எழுதிவிட வேண்டும். படத்தின் பின்னால் எழுதுவதானால் மென்மையான பென்சில் போதும். பேனா மை முன்பக்கம் ஊறும்.

கடைசிக் குறிப்பைப் பலர் தள்ளிப்போடுகிறார்கள். பெயர் தெரிந்த கடைசிப் பாட்டி போன பிறகு, எவ்வளவு தெளிவான படமானாலும் அதில் இருப்பவர் யாரோ ஒருவர்தான்.

செய்தி: இணையத்தில் இருக்கிறது என்று நம்பி இருக்கலாமா?

‘எல்லாம் கூகளில் ஏற்றிவிட்டேன்’ என்று சொல்பவர்கள் இரண்டு மாற்றங்களை அறிந்திருக்க வேண்டும். முதலாவது, கூகள் போட்டோஸ் கொடுத்துவந்த அளவில்லா இலவச இடம் 2021 ஜூன் 1ஆம் தேதியோடு நின்றது. அதன் பிறகு ஏற்றும் படங்கள், மின்னஞ்சலுக்கும் கோப்புகளுக்கும் சேர்த்துத் தரப்படும் 15 ஜிகாபைட் இடத்திலிருந்தே கழிகின்றன. அந்த இடம் நிரம்பினால் புதிய படங்கள் ஏறாது. பலர் அறிவிப்பைக் கவனிக்காமல், படங்கள் ஏறிக்கொண்டிருப்பதாகவே நினைத்திருப்பார்கள்.

இரண்டாவது இன்னும் முக்கியமானது. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை, அவற்றிலுள்ள படங்களோடு சேர்த்து நீக்கலாம் என்ற விதியைக் கூகள் 2023 மே மாதம் அறிவித்தது. 2023 டிசம்பரிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. காலமான தந்தையின் கைப்பேசியைப் பெட்டியில் வைத்துவிட்டு, ‘அப்பா எடுத்த படமெல்லாம் அதில் இருக்கிறது’ என்று நிம்மதியாக இருக்கும் குடும்பங்கள் இதை உடனே கவனிக்க வேண்டும். அவரது கணக்கைத் திறக்க முடியும்போதே படங்களை இறக்கி வேறிடத்தில் வைத்துவிடுவது நல்லது. உயிரோடு இருப்பவர்களும், தம் கணக்கு செயலற்றுப் போனால் யாருக்குத் தகவல் போக வேண்டும் என்பதைக் கணக்கின் அமைப்புப் பகுதியில் இப்போதே குறிப்பிடலாம். பள்ளியும் கல்லூரியும் தரும் கணக்குகள் படிப்பு முடிந்ததும் மூடப்படலாம் என்பதால் குடும்பப் படங்களுக்கு அவை ஏற்றவையல்ல.

புலனத்தில் படம் அனுப்பும்போது அது சுருக்கப்படுகிறது. அத்தை அனுப்பிய பழைய படத்தைப் பெரிதாக்கி அச்சிட்டால் கட்டம் கட்டமாக வருவதற்கு அதுவே காரணம். படமாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்து அனுப்பினால் தரம் குறையாது.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் சொன்ன ‘3-2-1’ என்ற விதி இன்றும் செல்லும்: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்புக் கருவிகள், ஒன்று வேறு ஊரில். லெம்பா பெர்த்தாம் குடும்பத்துக்கு இதை இப்படிச் சொல்லலாம்: கைப்பேசியில் ஒன்று, வீட்டில் ஒரு ஹார்ட் டிஸ்கில் ஒன்று, ஈப்போவில் இருக்கும் அண்ணன் வீட்டில் ஒன்று. வெள்ளம் வந்தால் ஒரே அலமாரியில் இருக்கும் மூன்று பிரதியும் ஒன்றாகவே போகும். மூன்றாவது பிரதி மலைக்குக் கீழே இருப்பதில்தான் பாதுகாப்பு இருக்கிறது.

கருவி: நாமே செய்யும் டிரை பாக்ஸ்

புதிய கேமரா வாங்குவது பற்றி யோசிக்கும் முன், இருக்கும் கேமராவின் லென்ஸை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்க்க வேண்டும். சிலந்தி வலை போன்ற வெண்மையான இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்கு மேல் நீண்ட நாள் நீடித்தால் லென்ஸுக்குள் பூஞ்சை வளர வாய்ப்பு அதிகம். கேமரன் மலையில் அந்த அளவு பெரும்பாலான நாள்களில் தாண்டப்படுகிறது. லென்ஸைத் தோல் பையிலோ துணிப்பையிலோ மாதக்கணக்கில் மூடி வைப்பது பூஞ்சைக்குப் பாய் விரிப்பதற்குச் சமம்.

மின்சாரத்தில் இயங்கும் டிரை பாக்ஸ் கடைகளில் கிடைக்கிறது. அது இல்லாமலும் சமாளிக்கலாம். ரப்பர் விளிம்போடு காற்றுப் புகாமல் மூடும் பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டி ஒன்று, சிலிகா ஜெல் மணிகள், ஒரு சிறிய ஈரப்பதமானி ஆகிய மூன்றும் போதும். பெட்டிக்குள் ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காடு வரை இருக்க வேண்டும். அதைவிட மிகக் குறைந்தாலும் நல்லதன்று. லென்ஸின் நகரும் பாகங்களில் உள்ள எண்ணெய் காயும். சிலிகா ஜெல்லில் ஆரஞ்சு நிற மணிகள் ஈரத்தை உறிஞ்சி நிறைந்ததும் பச்சையாகும். அப்போது மிதமான சூட்டில் உலர்த்தினால் பழைய நிறத்துக்குத் திரும்பும், மீண்டும் பயன்படுத்தலாம். நீல நிற மணிகளில் கோபால்ட் குளோரைடு என்ற நச்சு வேதிப்பொருள் இருப்பதால் குழந்தைகள் உள்ள வீட்டில் தவிர்ப்பது நல்லது. அரிசி மூட்டைக்குள் கேமராவை வைப்பது பலன் தராது. அரிசித் தூசுதான் உள்ளே போகும். இதே பெட்டியில் பழைய நெகட்டிவ்களையும் முக்கியமான படங்களையும் வைக்கலாம்.

இன்னொரு சிக்கல் தாப்பா சாலையில் காத்திருக்கிறது. மலையில் குளிர்ந்த கேமராவோடு கீழே இறங்கி, தாப்பாவின் புழுக்கத்தில் பையைத் திறந்தால் லென்ஸ் முழுவதும் நீர் படியும். குளிர்ந்த பாட்டிலை மேசையில் வைத்தால் வியர்ப்பதுபோலத்தான் இதுவும். வெளியில் படிந்ததைத் துடைத்துவிடலாம். உள்ளே படிந்ததைத் துடைக்க முடியாது. இறங்கும் முன்பே கேமராவைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, கீழே போய்ச் சேர்ந்த பிறகு ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் நீர் பையின் மேல்தான் படியும்.

உத்தி: பனியில் முகம் கறுக்காமல் எடுப்பது

பனி மூடிய தேயிலைச் சரிவைப் படம் எடுத்தால் பனி சாம்பல் நிறமாகவும், முன்னால் நிற்கும் ஆள் நிழலுருவாகவும் வருவது வழக்கம். கேமரா எதைப் பார்த்தாலும் அதை நடுத்தர வெளிச்சமாகக் கணக்கிடுகிறது. வெள்ளைப் பனி நிறைந்த காட்சியை ‘வெளிச்சம் அதிகம்’ என்று எண்ணித் தானே குறைத்துவிடுகிறது. கேமராவில் வெளிச்சச் சரிக்கட்டலைக் கூட்டல் பக்கம் ஒரு படி நகர்த்தினால் போதும். கைப்பேசியில் முகத்தின் மேல் விரலால் தொட்டு, அருகில் தோன்றும் சூரியக் குறியை மேலே நகர்த்த வேண்டும். பனி சற்று வெளுத்தாலும் முகம் தெரிய வேண்டும்.

கறுத்த முகங்களைப் படத்தில் கொண்டுவருவது தொடக்கத்திலிருந்தே புறக்கணிக்கப்பட்ட விஷயம். கலர்ப் படங்களின் நிறம் சரியா என்று அச்சகங்கள் ஒப்பிட்டுப் பார்க்கக் கோடாக் நிறுவனம் ஒரு மாதிரிப் படம் அனுப்பிவந்தது. அதில் இருந்தவர் வெள்ளைத் தோலுடைய பெண். ‘ஷெர்லி அட்டை’ என்று அதற்குப் பெயர். அந்தத் தோல் சரியாக வந்தால் படம் சரி. கறுத்த தோலின் நுணுக்கங்கள் பிலிமில் சரியாகப் பதியாததைப் பற்றிப் பல காலம் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. சாக்லேட், மர நாற்காலி விளம்பரங்களில் பழுப்பு நிறங்கள் வேறுபட்டுத் தெரியவில்லை என்று நிறுவனங்கள் புகார் செய்த பிறகே பிலிம் மாறத் தொடங்கியது என்று ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பழைய வகுப்புப் படங்களில் நம் பிள்ளைகளின் முகம் கண்ணும் பல்லும் மட்டுமாகத் தெரிந்தால், குறை பிள்ளைகளிடம் இல்லை. கைப்பேசி நிறுவனங்கள் இந்தக் குறையை வெளிப்படையாகப் பேசத் தொடங்கியது அண்மையில்தான். கூகள் 2021இல் பிக்சல் 6 கைப்பேசியோடு பல தோல் நிறங்களைச் சரியாகக் காட்டும் வசதியை அறிமுகம் செய்தது.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் பற்றியும் ஓர் எச்சரிக்கை தேவை. மங்கிய படத்தைக் கொடுத்தால் நொடியில் தெளிவாக்கித் தருகின்றன. ஆனால் அழிந்துபோன கண்ணையும் மூக்கையும் அவை கண்டுபிடிப்பதில்லை. வேறு முகங்களிலிருந்து ஊகித்து வரைகின்றன. விளைவு அழகான படம். அது தாத்தாவின் முகமாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 2023இல் சோனி உலகப் புகைப்பட விருதில் ஒரு பிரிவில் வென்ற ஜெர்மானியக் கலைஞர் போரிஸ் எல்டாக்சன், தம் படம் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கியது என்று சொல்லி விருதை ஏற்க மறுத்தார். நடுவர்களே வேறுபாடு காண முடியாத காலம் இது. செயலியைப் பயன்படுத்தினாலும் மூல நகலை மாற்றாமல் தனியே வைக்க வேண்டும். மாற்றிய படத்தின் கோப்புப் பெயரிலேயே ‘திருத்தியது’ என்று எழுதிவிட வேண்டும்.

வெள்ளத்தில் நனைந்துவிட்டால்

2011 மார்ச் 11 சுனாமிக்குப் பிறகு ஜப்பானில் சேற்றிலிருந்து மீட்கப்பட்ட குடும்பப் படங்களைத் தன்னார்வலர்கள் ஒவ்வொன்றாகக் கழுவி, உலர்த்தி, உரியவர்களிடம் சேர்த்தார்கள். பிலிம் நிறுவனமான பூஜிபிலிமும் அந்தப் பணிக்கு வழிகாட்டியது. அங்கே கற்றுக்கொண்ட பாடம், நனைந்த படம் செத்த படம் அன்று, காலம்தான் முக்கியம். இரண்டு நாளைக்குள் கவனித்தால் பெரும்பாலும் காப்பாற்றலாம்.

கையுறையும் முகக்கவரியும் அணிவது அவசியம். பண்ணைகள் நிறைந்த பள்ளத்தாக்குச் சேற்றில் உரமும் பூச்சிமருந்தும் கலந்திருக்கலாம். ஒட்டிக்கொண்ட படங்களை உலர்ந்த நிலையில் பிரிக்கக் கூடாது. சுத்தமான குளிர்ந்த நீரில் ஊறவிட்டுத் தானாகப் பிரிய விட வேண்டும். மேற்பரப்பைத் தேய்க்காமல் நீரை மாற்றி மாற்றி அலசி, முகப்பு மேலே தெரியும்படி உறிஞ்சும் தாளின் மேல் நிழலில் காய வைக்கலாம். நேர் வெயிலும் முடி உலர்த்தும் கருவியும் படத்தைச் சுருட்டிவிடும். எல்லாவற்றையும் உடனே கவனிக்க முடியாவிட்டால், படங்களுக்கு இடையே மெழுகுத்தாள் வைத்துப் பிளாஸ்டிக் பையில் போட்டு உறைபெட்டியில் வைத்துவிடலாம். பூஞ்சை நின்றுவிடும், அவகாசம் கிடைக்கும். வீட்டு இங்க்ஜெட் அச்சுப்பொறியில் எடுத்த படங்களை மட்டும் நீரில் போடக் கூடாது, மை கரைந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்

தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோப் படங்கள் அழிவதைக் கண்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினர், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிந்துவரும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு அவற்றைத் தேடி மின்படியாக்கினார்கள். பெயர் தெரியாத குடும்பங்கள் ஸ்டூடியோத் திரைக்கு முன் விறைப்பாக நிற்கும் சாதாரணப் படங்களே அங்கே வரலாற்று ஆவணமாயின. மலையகத் தோட்டத் தமிழரின் படங்களுக்கும் அதே மதிப்பு உண்டு. கொழுந்துக் கூடையோடு நிற்கும் பெண், தோட்டப் பள்ளியின் வகுப்புப் படம், லயத்து வாசலில் எடுத்த பொங்கல் படம் ஆகியவற்றை வேறு யாரும் நமக்காக எடுத்து வைத்திருக்கப் போவதில்லை.

கோயில் மண்டபத்திலோ பள்ளி வகுப்பறையிலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு இளைஞர்கள் கைப்பேசியோடு உட்கார்ந்தால், வட்டாரக் குடும்பங்கள் கொண்டுவரும் படங்களை அங்கேயே நகல் எடுத்து, மூலப்படத்தை உடனே திருப்பிக் கொடுத்துவிடலாம். பெரியவர்கள் பெயர் சொல்ல, பிள்ளைகள் எழுதிக்கொள்ளலாம். பொதுவில் வெளியிடும் முன் குடும்பத்தின் சம்மதம் கேட்பது மட்டும் மறக்கக் கூடாது. மழைக்காலம் தொடங்கும் முன் முடிக்க வேண்டிய வேலை இது.